மெய்யும் மெய்ந்நிகரும்: தொடுபுலன் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஐம்பொறிகளுள் தொடுபுலனுக்குரிய பொறியைத் தமிழ் ‘மெய்’ என்னும் சொல்லால் சுட்டுகின்றது. உடல், உண்மை என்னும் இரு பொருளையும் தருவது அச்சொல். கணிப்பொறியால் ஆக்கப்படும் தோற்ற உலகைக் குறிக்க அண்மைக் காலத்தில் வழக்குப் பெற்றுள்ள ‘மெய்ந்நிகர்’ என்னும் கலைச்சொல்லிலும் அச்சொல்லே அமைந்துள்ளது. உண்மைக்கு நிகரானது என்னும் பொருளில் ஆக்கப்பட்ட இக்கலைச்சொல், உடலுக்கு நிகரானது என்னும் பொருளையும் தன்னகத்தே கொண்டுள்ளமை கருதத்தக்கது. காட்சியையும் ஒலியையும் மட்டும் தந்த தொடக்கக்காலக் கருவிகளைக் கடந்து, தொடுவுணர்வையும் ஆக்கித்தரும் கருவிகள் இன்று உருவாகி வருகின்றன. இல்லாத பொருளைக் கை தடவுகின்றது. இல்லாத சுவர் விரலைத் தடுக்கின்றது. இந்நிலையில், தொடப்படும் பொருள் இல்லாதபோது நிகழும் தொடுகை தொடுகையாகுமா, அதற்கு அற மதிப்பு உண்டா என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களைத் தமிழ் மரபின் சொற்களையும் இந்திய அளவையியலையும் துணைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊறு: ஒரு சொல்லின் விரிவு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகைப்படுத்துகின்றது. அவ்வகைப்பாட்டில் முதற்கண் வைக்கப்படுவது தொடுபுலன். புல்லும் மரமும் தொட்டறியும் அறிவொன்றே உடையன என்றும், அதன்மேல் சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என ஒவ்வொன்றாகக் கூடிச்செல்லும் என்றும், மனத்தொடு கூடிய ஆறறிவு மக்களுக்குரியது என்றும் அந்நூல் கூறும். இவ்வரிசையில் பிற புலன்கள் இன்றியும் உயிர் உண்டு; தொடுபுலன் இன்றி உயிர் இல்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில், விலங்குகள் அனைத்துக்கும் பொதுவான புலன் தொடுபுலனே என்றும், அதனை இழந்த விலங்கு உயிர்வாழாது என்றும் கூறியுள்ளமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் அரிஸ்டாட்டில் மரஞ்செடிகளுக்குப் புலனறிவு இல்லை எனக் கொண்டார். தமிழ் மரபோ அவற்றையும் தொட்டறியும் உயிர்களாகக் கொண்டது. இவ்வேறுபாடும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தொடுபுலனால் அறியப்படுவதைப் பழந்தமிழ் ‘ஊறு’ என்று வழங்கும். திருவள்ளுவரும் ஐம்புலன்களை எண்ணுமிடத்து இச்சொல்லையே ஆளுகின்றார். ‘உறு’ என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லுக்குத் துன்பம், தீங்கு என்னும் பொருளும் உண்டு. இன்றைய வழக்கில் ‘ஊறு விளைவித்தல்’ என்பது தீங்கு செய்தலையே குறிக்கின்றது. அதே வினையடியிலிருந்து ‘உறவு’, ‘உற்றார்’ என்னும் சொற்களும், ‘உறுதி’ என்னும் சொல்லும் தோன்றியுள்ளன. தொட்டறிதல், தீங்குறுதல், உறவாதல், உறுதிப்படுதல் ஆகிய நான்கும் ஒரே வேரினின்று கிளைத்தவை. சொல்லின் வேர் ஒரு கருத்தை மெய்ப்பிக்கும் சான்றாகாது. ஆயினும், ஒரு மொழியைப் பேசிய மக்கள் எவற்றை ஒருங்கே வைத்து எண்ணினர் என்பதனை அது காட்டும். அந்நான்கனுள் மெய்ந்நிகர்த் தொடுகை எவற்றைத் தருகின்றது, எவற்றைத் தரவில்லை என்று வினவுவதற்கு இவ்வேர் தக்கதொரு வாயிலாக அமைகின்றது.

தொடுவுணர்வு ஆக்கப்படும் முறை

தோலிலும் அதன் அடியிலும் அமைந்துள்ள பல்வேறு உணர்விகள் அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடல், வெம்மை, தண்மை ஆகியவற்றைத் தனித்தனியே அறிகின்றன. தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள் உறுப்பின் நிலையையும் அது தாங்கும் விசையையும் அறிகின்றன. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் மூலக்கூறு வாயில்களைக் கண்டறிந்தமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மென்மையாகவும் மெதுவாகவும் வருடப்படும்போது மட்டும் மிகுதியாகத் தூண்டப்படும் நரம்பிழைகள் மயிருடைய தோலில் உள்ளன என்பதும் அறியப்பட்டுள்ளது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் அமையும் வருடலுக்கே அவை பெரிதும் வினைபுரிகின்றன. தாய் குழந்தையைத் தடவும் கை ஏறத்தாழ இவ்வேகத்திலேயே இயங்குகின்றது. பொருளை அறிவதற்கு ஒரு தொடுகையும் அன்பை அறிவதற்கு ஒரு தொடுகையும் என உடலே பகுத்து வைத்துள்ளது எனலாம்.

இவ்வுணர்வுகளைக் கருவியால் ஆக்கும் எண்ணம் புதிதன்று. 1965-இல் ஐவன் சதர்லாந்து தாம் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், பொருள்களின் இருப்பையே கணிப்பொறி ஆளும் ஓர் அறையைக் கற்பனை செய்தார். அவ்வறையில் தோன்றும் நாற்காலி அமரத்தக்கதாக இருக்கும். விலங்கு கையைப் பிணிக்கும். துப்பாக்கிக் குண்டு உயிரைப் போக்கும். இன்றைய கருவிகள் அந்நிலையை எட்டவில்லை. கையுறையில் பொருத்தப்பட்ட சிறு அதிர்விகள் விரல்நுனியில் தொடுவதுபோன்ற உணர்வை எழுப்புகின்றன. விசையைத் திருப்பித்தரும் இயந்திரக்கைகள் விரலை எதிர்த்துத் தள்ளுகின்றன. கடினமான பொருளின் எதிர்ப்பைக் காட்ட, அவ்விசை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை கணிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுதல் வேண்டும். காட்சிக்கு நொடிக்கு 90 படங்கள் போதுமாக இருக்கையில், தொடுகைக்கு அதனினும் பன்மடங்கு விரைவு வேண்டப்படுகின்றது. கண்ணை நிறைவுசெய்வதினும் கையை நிறைவுசெய்தல் அரிது என்பது இதனால் விளங்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் தொடுவுணர்வுத் தொழில்நுட்பம் குறித்த ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

திரிபுக்காட்சியா, மெய்க்காட்சியா?

புலனும் பொருளும் சேர்வதால் தோன்றுவதும் பிறழாததுமாகிய அறிவே காட்சி என்பது நியாய நூலாரின் கொள்கை. ஐயமும் திரிபும் நீங்கியதே காட்சியளவை எனச் சைவ சித்தாந்த நூலோரும் கொள்வர். மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையும் அளவைகளைக் கூறியதோடு அமையாது, அளவைபோல் தோன்றும் குற்றங்களையும் எண்ணிக் காட்டுகின்றது. அவற்றுள் ஒன்றை வேறொன்றாகக் கொள்ளும் ‘திரியக் கோடல்’ ஒன்றாகும். மெய்ந்நிகர்த் தொடுகையில் புலன் உண்டு, பொருள் இல்லை. எனவே அது திரியக் கோடலின்பாற்படும் என்று எளிதில் முடிவுகட்டத் தோன்றும்.

ஆனால் இம்முடிவில் ஒரு தடை உண்டு. கயிற்றைப் பாம்பெனக் கொண்டவன் விளக்கொளியில் அதனைக் கயிறென்று அறிந்தவுடன் பாம்பு மறைகின்றது. பிழையறிவு மெய்யறிவால் நீங்கும் என்பது அவ்வுவமையின் கருத்து. மெய்ந்நிகர்த் தொடுகையோ அறிவால் நீங்குவதில்லை. 1998-இல் மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஒருவரின் கை மறைப்புக்குப் பின்னால் வைக்கப்படுகின்றது. அவர் கண்முன் ரப்பர்க்கை ஒன்று வைக்கப்படுகின்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் தடவும்போது, ரப்பர்க்கையின்மேல் தொடுகை நிகழ்வதாகவும் அதுவே தம் கை என்பதாகவும் பலர் உணர்ந்தனர். அது ரப்பர் என்பதனை அவர்கள் அறிவர், அறிந்தும் உணர்ந்தனர். இங்கே மனம் ஏமாறவில்லை, மெய் மட்டுமே இசைந்து நிற்கின்றது. தன் தலையில் கருவியைத் தானே அணிந்துகொண்டவனும் இத்தகையவனே. அவன் ஏமாற்றப்பட்டவனல்லன். ஆதலின் பொய் என்னும் குற்றத்தை மட்டும் சாட்டி மெய்ந்நிகர்த் தொடுகையை விலக்குதல் பொருந்தாது.

மெய்ந்நிகர்ப் பொருள்களும் அவற்றுக்குரிய முறையில் உண்மையானவையே என 2022-இல் வெளியிட்ட நூலில் டேவிட் சால்மர்ஸ் வாதிடுகின்றார். இதற்கு நேர்மாறான கருத்தை இராபர்ட் நோசிக் 1974-இல் ஓர் எடுத்துக்காட்டால் முன்வைத்தார். விரும்பும் துய்ப்புகள் அனைத்தையும் தரும் பொறி ஒன்று இருந்தாலும், வாழ்நாள் முழுதும் அதனுள் கிடக்க மக்கள் விரும்பார் என்றார் அவர். செயல்களைச் செய்த உணர்வு மட்டும் போதாது, அவற்றைச் செய்தலையே மக்கள் விரும்புவர் என்பது அவர் கருத்து. இவ்விரு வாதங்களும் புலன்களைப் பொதுவாக நோக்கியவை. தொடுபுலனைத் தனியே நோக்கின் வேறொரு தன்மை புலப்படும்.

தொடுதலும் தொடப்படுதலும்

காணப்படாமல் காண இயலும். கேட்கப்படாமல் கேட்க இயலும். தொடப்படாமல் தொட மட்டும் இயலாது. வலக்கை இடக்கையைத் தொடும்போது தொடுவதும் தொடப்படுவதும் ஒருங்கே நிகழ்தலை எட்மண்ட் ஹூசெர்ல் எடுத்துக்காட்டினார். மெர்லோ-பாந்தி 1945-இல் வெளியிட்ட தம் நூலில் அதனை மேலும் விரித்துரைத்தார். கல்லைத் தொட்டாலும் கல் கையைத் தடுக்கின்றது; உயிரைத் தொட்டால் அவ்வுயிர் தொட்டவனை உணர்கின்றது. ‘உறு’ என்னும் வேரில் உறவும் ஊறும் ஒன்றாக நிற்பதன் காரணம் இங்கே விளங்குகின்றது. தொடுபவன் தன்னையும் ஒப்புக்கொடுக்கின்றான். தீங்கு செய்யவும் தீங்குறவும் ஏதுவான அண்மையிலேயே அன்பும் இயலுகின்றது.

மெய்ந்நிகர்த் தொடுகையில் ஒருபக்கம் மட்டுமே உண்டு. விரலில் அதிர்வு நிகழ்கின்றது. ஆனால் விரலால் எதுவும் உறப்படுவதில்லை. உற்றறிதலின் உணர்வு கிடைக்கின்றது, உற்றார் இல்லை. உறுதியும் நிறுவப்படுவதில்லை. பொருள்களின் புறவுண்மையை மறுத்த பெர்க்லியின் கொள்கையை எதிர்க்க, சாமுவேல் ஜான்சன் ஒரு கல்லைக் காலால் உதைத்துக் காட்டினார் என்பர். கண்ணை ஐயுற்றோரும் கையை நம்பினர் என்பதற்கு அது சான்று. அக்கல்லின் எதிர்ப்பையும் இயந்திரம் தரக்கூடுமாயின் அச்சான்றும் வலுவிழக்கும்.

எனினும் இக்குறையைக் கருவியின் குறையாகக் கொள்ளுதல் கூடாது. 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் இருந்த இருவர், விசையைத் திருப்பித்தரும் கருவிகளைப் பற்றிக்கொண்டு, மெய்ந்நிகர்க் கனசதுரம் ஒன்றை அட்லாண்டிக் கடலுக்கு இருபுறத்திலிருந்தும் சேர்ந்து தூக்கினர். ஒருவர் தள்ளியதை மற்றவர் உணர்ந்தார். அங்கே கனசதுரம் இல்லை. ஆனால் எதிரே ஒரு மனிதர் இருந்தார். தொடுதலும் தொடப்படுதலும் அங்கு நிகழ்ந்தன. ஆகவே அறவியல் பகுப்பு இயற்கைத் தொடுகை, கருவித் தொடுகை என்று அமைதல் பொருந்தாது. மறுபக்கத்தில் ஒருவர் உள்ள தொடுகை, ஒருவரும் இல்லாத தொடுகை என்றே அது அமைதல் வேண்டும்.

ஊறின்மையின் நன்மையும் குறையும்

மறுபக்கத்தில் ஒருவரும் இல்லாமை சிலவிடத்துப் பெருநன்மையாகும். அறுவை மருத்துவம் பயில்வோர் உயிருள்ள உடலில் முதன்முறை கத்தி வைப்பதற்குமுன், மெய்ந்நிகர் உடலில் பலமுறை பழகலாம். திசுவின் தடையையும் எலும்பின் கடினத்தையும் கை அறிந்துகொள்ளும். பிழை நேரினும் எவருக்கும் ஊறு நேராது. தொடுவுணர்வு இல்லாத குறையைக் கண் ஓரளவு ஈடுசெய்யும் என்பதற்கும் மருத்துவத்துறையே சான்றாகின்றது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டா வின்சி அறுவை இயந்திரம் நெடுங்காலம் விசையுணர்வின்றியே இயங்கியது. 2024-இல் ஒப்புதல் பெற்ற அதன் ஐந்தாம் வடிவத்திலேயே அவ்வுணர்வு சேர்க்கப்பெற்றது. இத்தகைய இடங்களில் மெய்ந்நிகர்த் தொடுகை பிறிதோர் உடலின்பால் உள்ள பொறுப்புக்கான ஆயத்தமாக அமைகின்றது.

வேறு சிலவிடத்து இவ்வின்மையே வினாவுக்குரியதாகின்றது. 2020 பிப்ரவரியில் தென்கொரியத் தொலைக்காட்சியொன்று ஒளிபரப்பிய ஆவணப்படம் உலகெங்கும் பேசப்பட்டது. 2016-இல் நோயால் இறந்த ஏழு வயது மகளின் உருவை மெய்ந்நிகர் உலகில் ஆக்கி, தலைக்கருவியும் கையுறையும் அணிந்த தாயின்முன் நிறுத்தினர். தாய் அவ்வுருவைத் தொடக் கை நீட்டினார். குழந்தையின் உடலைத் தொடுதல் பெற்றோரின் உடலுக்கு இன்பம் என்றும், அதன் சொல்லைக் கேட்டல் செவிக்கு இன்பம் என்றும் வள்ளுவர் பகுத்துரைத்துள்ளார். படத்தாலும் ஒலிப்பதிவாலும் கண்ணுக்கும் செவிக்கும் ஓரளவு ஆறுதல் தரலாம், உடலுக்குத் தரவியலாது. இறப்பு முதலில் பறிப்பது அவ்வின்பத்தையே. அத்தாயின் கை நீண்டமை குறைகூறத்தக்கதன்று.

இறந்தாரின் நினைவாகப் பொருளொன்றைத் தொடுதல் மனித இனத்திற்குப் புதிதன்று. நடுகல்லை வணங்கிய மரபு தமிழர்க்கு உண்டு. ஆனால் நடுகல், இறந்த வீரன் இவ்விடத்து இல்லை என்பதனைத் தன் கடினத்தாலேயே கூறுகின்றது. அதனைத் தொடும் கை இன்மையைத் தொட்டு உணர்கின்றது. மெய்ந்நிகர் உருவோ இன்மையை மறைக்க முனைகின்றது. நினைவூட்டுவதற்கும் பதிலாக நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அவ்வனுபவம் துயருற்றார்க்கு விடைபெறும் வாய்ப்பாக அமைந்து ஆறுதல் தருதலும் கூடும். விடைபெறவியலாத பிணிப்பாக மாறுதலும் கூடும். இதில் அறப்பொறுப்பு துயருற்றவர்பால் அமைவதினும், அவ்வுருவை ஆக்குவோர்பாலும் அதனைக் காட்சிப்பொருளாக்கி ஒளிபரப்புவோர்பாலும் மிகுதியாக அமைகின்றது. இறந்த குழந்தையின் இசைவைப் பெறுவார் எவருமிலர் என்பதும் எண்ணத்தக்கது.

தீங்கு மீளும் இடம்

மெய்ந்நிகர் உலகில் செய்யப்படுவது எவரையும் தாக்காது எனக் கொள்வாரும் உளர். 2006-இல் மெல் சிலேட்டரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கணிப்பொறியால் ஆக்கப்பட்ட பெண்ணுருவுக்குத் தவறான விடை கூறும்போதெல்லாம் மின்னதிர்ச்சி தருமாறு பங்கேற்றோர் பணிக்கப்பட்டனர். அப்பெண் உண்மையல்லள் என்பதனை அனைவரும் அறிந்திருந்தும், அவளைக் கண்டும் கேட்டும் இருந்தோரின் உடலில் பதற்றத்தின் அறிகுறிகள் தோன்றின. சிலர் இடையிலேயே நிறுத்தினர். எதிரே எவரும் இல்லாதபோதும் செய்வோனிடத்து ஏதோவொன்று நிகழ்கின்றது என்பது இதனால் அறியப்படும். செயலின் விளைவை மட்டும் நோக்குவோர்க்கு இது பொருட்டாகாது. செய்வோனின் பண்பு எவ்வாறு உருவாகின்றது என நோக்குவோர்க்கு இது முதன்மையான செய்தியாகும். பழகப் பழகப் பதற்றம் குறையுமாயின், குறைந்தது பதற்றம் மட்டுமன்று.

பலர் ஒருங்கே பங்கேற்கும் மெய்ந்நிகர் வெளிகளில் நிலைமை மேலும் வேறுபடும். அங்கு ஒவ்வோர் உருவுக்குப் பின்னும் ஒருவர் உள்ளார். 2016-இல் மெய்ந்நிகர் விளையாட்டொன்றில் தம் உருவை மற்றொருவர் இசைவின்றித் தீண்டியதைப் பெண்ணொருவர் எழுத்தில் வெளிப்படுத்தினார். அவர் உடலில் எக்கருவியும் தொடுவுணர்வை எழுப்பவில்லை. எனினும் தாம் தீண்டப்பட்டதாகவே அவர் உணர்ந்தார். தொடுவுணர்வு தரும் ஆடைகள் பெருகும்போது இத்தகைய தீங்கு உடலளவிலும் நிகழ்வதாகும். அதே ஆண்டில் மைக்கேல் மதரி, தாமஸ் மெட்சிங்கர் ஆகியோர் மெய்ந்நிகர்த் தொழில்நுட்பத்திற்கு அறநெறிக் கோட்பாடு ஒன்றை முன்மொழிந்தனர். அத்தகைய நெறிகளில் தொடுபுலனுக்குத் தனியிடம் தரப்படுதல் வேண்டும். காட்சியை விலக்கக் கண்ணை மூடலாம்; உடலை மூடவியலாது.

தீண்டலும் தீண்டாமையும்

இந்தியச் சூழலில் தொடுபுலன் பற்றிய எவ்வாய்வும் தீண்டாமையைக் கருதாது முற்றுப்பெறாது. இந்திய அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துள்ளது. தீண்டாமையின் இருப்பிடம் விலக்கப்பட்டவரிடத்தில் இல்லை, தீண்ட மறுப்பவரிடத்திலேயே உள்ளது என்னும் கருத்தைத் தொடுகையின் மெய்யியலை ஆராய்ந்த சுந்தர் சருக்கை வலியுறுத்தியுள்ளார். தொட மறுப்பவன் தன் தொடுபுலனின் இயல்பையே மறுக்கின்றான் என்பது இதன் உட்பொருள்.

மெய்ந்நிகர் உலகில் சாதி அடையாளமற்ற உருவங்கள் ஒன்றையொன்று தொடுமாதலின், அங்குத் தீண்டாமை இல்லையெனச் சிலர் கருதக்கூடும். இக்கருத்து ஆராயத்தக்கது. தொடுவோன் அங்கே பிறனுடைய வியர்வையையோ வெம்மையையோ உறுவதில்லை. தொடுகையின் இன்பம் முழுதும் கிடைக்கின்றது. தொடப்படும் மனிதரின் உடல் மட்டும் விலக்கப்படுகின்றது. தூய்மை கெடாமல் தொடுதல் என்னும் விழைவு, தூய்மை கெடுமென்று தொடாமையினின்று எவ்வளவு வேறுபட்டது என்பது எளிதில் விடுக்கவியலாத வினாவாகும். தீண்டாமையை வெல்லும் தொடுகை, தொடுவோனும் தன்னை ஒப்புக்கொடுக்கும் தொடுகையே. ஓர் உடலை மறைத்து மற்றோர் உடலுக்குச் சமத்துவம் அளித்தல் இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் புலனாகின்றன. மெய்ந்நிகர்த் தொடுகை பொய் என்பதனால் மட்டும் விலக்கத்தக்கதன்று. அதனைத் துய்ப்போன் பெரும்பாலும் ஏமாற்றப்படுவதில்லை. உற்றறிதல், ஊறு, உறவு, உறுதி ஆகிய நான்கனுள் முதலாவதன் உணர்வை அது தருகின்றது. மறுபக்கத்தில் ஒருவர் இருப்பின் உறவையும் ஊறையும் தருதல் கூடும். ஒருவரும் இல்லாவிடத்து அவ்விரண்டையும் தருதல் இயலாது. ஆதலின் அதன் அறமதிப்பை அறிய மூன்று வினாக்கள் வேண்டப்படுகின்றன. மறுபக்கத்தில் எவரேனும் உள்ளனரா என்பது முதலாவது. உளராயின் அவர் இசைந்துள்ளாரா என்பது இரண்டாவது. எவரும் இலராயின், அவ்வின்மை பிறரைத் தீங்கினின்று காக்கின்றதா, பிறரையே தவிர்க்கின்றதா என்பது மூன்றாவது. மருத்துவ மாணவரின் கை முதல் வகையைச் சாரும். பிறர் உடலை நாளடைவில் வேண்டாததாக்கும் கை இரண்டாம் வகையைச் சாரும்.

கருவிகள் நாளும் திருந்தி வருகின்றன. விரலுக்கும் தோலுக்கும் அவை தரும் உணர்வு, இயற்கைத் தொடுகையினின்று பிரித்தறியவியலாத நிலையை ஒருநாள் எட்டுதல் கூடும். அந்நாளிலும், தொடப்பட்டவர் தொட்டவரை உணர்ந்தாரா என்னும் வினா எஞ்சியே நிற்கும். மெய்க்கு நிகரானதை ஆக்கும் திறன் கருவிக்கு உரியது. அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு அதனைப் பயன்கொள்ளும் மக்களுக்கு உரியது.